நாற்பது டிகிரி என்று நான் எழுதியது

போன வாரம் கவிதா வேலைக்குப் போகும்போது, செமினியைத் தாண்டி நெரிசலில் நின்றபடியே, குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். படத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 96. கீழே, "அப்பா, கியர்பாக்ஸ் சூடு. ஓரமா நிப்பாட்டிடவா?" என்று கேட்டிருந்தாள்.

அடுத்த நொடியே அவள் தம்பி பிரகாஷ் பதில் போட்டான். "காருக்குக் காய்ச்சல். நெத்தியில ஈரத்துணி போடு."

அவள் வாங்கிய பழைய காரில், ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளை உள்ள செருகி ஒன்று இருக்கிறது. அதில் மாட்டுகிற சின்ன டப்பா ஒன்றை யாரோ அவளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வண்டியின் மூளையில் ஓடுகிற எண்களைக் கைப்பேசிக்கு அனுப்பும். என் காலத்தில் அதற்கு ஒரு பெட்டியே தேவைப்பட்டது. அதைத் தூக்க ஒரு கை போதாது.

நான் மூன்று கேள்வி கேட்டேன். எவ்வளவு நேரமாக நெரிசலில் நிற்கிறாய்? எண் ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நின்றுவிட்டதா? கார் இழுக்கிறதா, இல்லை இன்ஜின் மட்டும் கத்துகிறதா?

"ஐயோ அப்பா, ஒரு நம்பர் சொன்னா ஒரு பதில் சொல்லக் கூடாதா? நீங்க திருப்பி மூணு கேள்வி கேக்குறீங்க லா!"

கவிதா, அந்தத் தொண்ணூற்றாறுக்குப் பதில் உனக்கு அன்றே சொல்லிவிட்டேன். நெரிசலில் அது சாதாரணம், பயப்படாமல் போ, வண்டி ஓட்டும்போது படம் எடுக்காதே. ஆனால் நான் ஏன் மூன்று கேள்வி கேட்கிறேன் என்பதை வாட்ஸ்அப்பில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. பிரிக்பீல்ட்ஸில் டாக்சிகளைப் பழுது பார்க்கும் ஒரு கொட்டகையில் நான்கு வருடம் நட்டு கழற்றினேன். பிறகு கிள்ளானுக்கு வந்து, ஆட்டோ கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற ஒரு பட்டறையில் சேர்ந்தேன். போன வருடம் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். வேறு இடம் தேடாததற்குக் காரணம் எங்கள் பாஸ், ஆ செங்.

ஆ செங் சீனர். ஆனால் அவருடைய அப்பா பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் பாஸ் தோட்டத்துத் தமிழிலேயே வளர்ந்தார். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார், என்னைவிட நன்றாகத் திட்டவும் செய்வார். சாமான் விற்க வருகிறவர்கள் அவர் சீனர்தானே என்று அவர் எதிரிலேயே தமிழில் ஏதாவது பேசிவிட்டு, பிறகு முகம் வெளுத்துப்போவதை நாங்கள் எத்தனையோ முறை ரசித்திருக்கிறோம்.

பட்டறைச் சுவரில் அவர் ஒரு பெரிய வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். அதில் மூன்று கட்டம்: சொன்னது, பார்த்தது, நினைத்தது. வண்டிக்காரர் என்ன சொன்னார் என்பது முதல் கட்டத்தில். நீ உன் கண்ணால், அல்லது கருவியால், என்ன பார்த்தாய் என்பது இரண்டாவதில். உன் யோசனை மூன்றாவதில். எந்தக் கட்டத்திலும் எதையும் எழுதலாம், ஆனால் கட்டம் மாறக் கூடாது. நினைத்ததைப் பார்த்ததில் எழுதிவிட்டால், அன்றைக்குப் பட்டறை முழுவதற்கும் தே தாரிக், ஆற்றி நுரைக்க வைத்த டீ, உன் கணக்கு.

ஒரு முறை என்னோடு வேலை செய்த ஹமீட், "பேட்டரி வீக்" என்று பார்த்த கட்டத்தில் எழுதிவிட்டான். பாஸ் பலகை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"டேய் ஹமீட், பேட்டரி உன்கிட்ட வந்து தலை சுத்துதுன்னு சொல்லுச்சா?"

"இல்ல பாஸ், சத்தத்த வச்சு…"

"அப்ப மீட்டர் வச்சுப் பாக்கல. நீ நினைச்ச. எனக்கு சீனி கம்மி."

கடைசி வாக்கியம் தேநீருக்கு. சாயங்காலம் பலகையைத் துடைப்பதற்கு முன் தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார். எதற்கு என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

இனி எண்ணெய் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. பழைய கியர்பாக்ஸில் ஒரு கம்பி இருக்கும். உருவித் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தால் எண்ணெய் எவ்வளவு என்று தெரியும். புது வண்டிகள் பலவற்றில் அந்தக் கம்பி கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி, இன்ஜினை ஓடவிட்டு, அடியில் இருக்கிற ஒரு திருகைக் கழற்ற வேண்டும். உள்ளே ஒரு குட்டிக் குழாய் நிற்கும். தண்ணீர்த் தொட்டியின் மேல்விளிம்பில் வழிவதற்கு ஓட்டை வைப்பார்களே, அது மாதிரி. அதிகமான எண்ணெய் அதன் வழியாக வழியும். வழிவது சொட்டுச் சொட்டாக ஆனதும் திருகை மூடிவிடலாம், அளவு சரி.

இதில் ஒரு சங்கடம். எண்ணெய் சூடானால் விரியும். குளிர்ந்திருக்கும்போது குழாய் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற எண்ணெய், சூட்டில் மேலே ஏறி வழிய ஆரம்பித்துவிடும். அதனால் இத்தனை டிகிரியில்தான் திறக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நான் சொல்லப்போகிற வேனுக்கு முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை. அதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. கியர்பாக்ஸுக்குள்ளேயே சூடு பார்க்கிற உணரி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள செருகியில் முன்பு சொன்ன பெரிய பெட்டியை, நாங்கள் மெஷின் என்போம், மாட்டி, அதனிடம்தான் கேட்க வேண்டும்.

அந்த வேன் டயாலிசிஸ் வேன். கிள்ளானில் ஒரு அறநிலையம் நடத்திய சிகிச்சை நிலையத்துக்குக் காப்பார் பக்கத்திலிருந்து ஆறு பேரை வாரம் மூன்று நாள் ஏற்றி வரும். ஓட்டியவர் பாக்கியம் அக்கா. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை.

கியர் எண்ணெய் மாற்ற வேன் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்றுதான் கவிதாவின் பரீட்சை முடிவு வந்தது. பழைய எண்ணெயை இறக்கி, புதியதை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துவிட்டு நின்றேன். மெஷின் ஹமீட் கையில் இருந்தது, அவன் வேறொரு காரில் மாட்டியிருந்தான். அவன் முடிக்கட்டும் என்று காத்திருக்கும்போது உங்கள் அம்மா கூப்பிட்டாள். எல்லாப் பாடத்திலும் ஏ. அவள் அழுதாள், நானும் வாசலில் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு உங்கள் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகப் போய்ச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது வேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஹமீட் மெஷினை விடுவதாயில்லை. நான் புறங்கையால் எண்ணெய்த் தட்டைத் தொட்டேன். சுட்டது, ஆனால் கை வேகும்படி இல்லை. நாற்பது இருக்கும் என்று தோன்றியது. திருகைக் கழற்றினேன். எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது. பரவாயில்லை, கூடுதலாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, சொட்டாகும்வரை காத்திருந்து மூடினேன். பலகையில் பார்த்த கட்டத்தில் எழுதினேன்: எண்ணெய் அளவு சரி, 40 டிகிரி.

கவிதா, உன் மேல் பழி போடவில்லை. நீ ஏ வாங்கியது சரி. நான் கை வைத்ததுதான் தப்பு.

இரண்டு வாரம் கழித்துப் பாக்கியம் அக்கா வேனைக் கொண்டுவந்தார்.

"அண்ணே, மேம்பாலம் ஏறுறப்ப இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி ஏற மாட்டேங்குது. நேத்து வெளக்கு வேற எரிஞ்சிச்சு."

நான் மெஷினை மாட்டிப் பார்த்தேன். காலையில் வெறும் வண்டி, நின்ற இடத்தில் எழுபதைத் தாண்டவில்லை. பட்டறையைச் சுற்றி ஓட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. நினைத்த கட்டத்தில், "ஓட்டும் விதம்?" என்று கேள்விக்குறியோடு எழுதினேன். அது வரைக்கும் சரி. ஆனால் மத்தியானம் அறநிலையச் செயலாளர் போன் செய்து, என்ன கோளாறு என்று கேட்டபோது, என் வாய் கேள்விக்குறியை விட்டுவிட்டது.

"போட்டு மிதிச்சு ஓட்டினா இப்படித்தான் சார் ஆகும்."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, வேன் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஆறு பேரும் உள்ளே இருந்தார்கள். பாக்கியம் அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"திங்கக்கெழமையிலேருந்து வேற டிரைவராம் அண்ணே. நான் மிதிக்கிற மிதியில கியர்பாக்ஸ் போச்சுன்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு. மெக்கானிக்கே சொன்னாராமே?" அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரே ஒரு தடவ மெஷின எடுத்துக்கிட்டு எங்ககூட ஏறி வாங்க. நான் எப்படி மிதிக்கிறேன்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

பாஸ் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "போ லா," என்றார். "வண்டி எங்க அழுவுதோ அங்க போய்ப் பாரு. இங்க நிக்கிறப்ப அது சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

பாக்கியம் அக்கா வேனைக் காப்பார் பக்கமே திருப்பினார். வழக்கமாக வருகிற வழியை முழுவதும் ஓட்டினால்தான் நான் உள்ளதை உள்ளபடி பார்க்க முடியும் என்றார். உள்ளே இருந்தவர்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை. சொல்லப்போனால் குஷியாகிவிட்டார்கள்.

நான் முன் இருக்கையில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் பார்த்தேன், அக்காவின் காலில் செருப்பு இல்லை. இருக்கைக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தார். பழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

எனக்கு நேர் பின்னால் ரெங்கசாமி என்ற பெரியவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து, பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீ நம்பர் மட்டும் சொல்லு. எடத்த நான் போட்டுக்கிறேன். எந்த ஸ்டேஷன்ல எத்தனன்னு தெரியாம வண்டி ஓட்டுனா அது ரயில்வே இல்ல."

"மாமா, இது வேன்," என்றார் பாக்கியம் அக்கா.

"நீ ரோட்டப் பாரு."

காப்பாரில் கொஞ்ச நேரம் வண்டியை ஆறவிட்டுத் திரும்பக் கிளம்பினோம். காப்பார் பாசார், எழுபத்தொன்று. மேரு சந்திப்பு, எண்பத்துநான்கு. கடைசி இருக்கையில் இருந்த மலாய்ப் பெரியவர் பாக்சிக் ரோஸ்லான் ஒவ்வொரு எண்ணுக்கும் "லாகி, லாகி!", இன்னும் இன்னும், என்று ஏலம் போட்டுக்கொண்டிருந்தார். தொண்ணூறைத் தாண்டினால் ஒரு வெள்ளரிப் பழம் பந்தயம் என்று பேசினார்கள். அப்புறம், வெள்ளரியில் தண்ணீர் அதிகம், நர்ஸ் திட்டுவாள் என்று பந்தயத்தை ஒரு பிஸ்கட்டாகக் குறைத்தார்கள்.

செருகி வழியாகச் சூடு மட்டும் வருவதில்லை. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது, மிதியை எத்தனை பங்கு அழுத்தியிருக்கிறது என்பதும் வரும். நான் அதையும் திறந்து வைத்திருந்தேன். பாக்கியம் அக்காவின் மிதி இருபது சதவிகிதத்தைத் தாண்டவே இல்லை. நான்கூட அவ்வளவு மென்மையாக ஓட்ட மாட்டேன்.

மேம்பாலத்தின் அடியில் தொண்ணூற்றேழு. ஏற ஆரம்பித்தோம். பாதி ஏற்றத்தில் இன்ஜின் சட்டென்று கத்தியது. சுற்று மூவாயிரத்துக்குத் தாவியது, வண்டியின் வேகமோ குறைந்தது. மிதி அதே இருபது. உச்சியில் நூற்றுப்பன்னிரண்டு. இறங்குவதற்குள் நூற்றுப்பதினெட்டு, மஞ்சள் விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா அண்ணே?" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"பாத்தேன் அக்கா. நீங்க மிதிக்கல."

மெஷினில் சுற்றையும் மிதியையும் இன்னொரு முறை பார்த்தேன். ஆனால், அவர் மிதிக்கவில்லை என்றால் வேறு என்ன? ஏற்றத்தில் எண்ணெய் பின்பக்கம் சாய்கிறது, பம்புக்கு எட்டவில்லை, காற்றை இழுக்கிறது. எண்ணெய் குறைந்தால் அப்படி ஆகும். ஆனால் ஒழுகல் எதுவும் இல்லை. அளவு சரி என்று எழுதியவனே நான்தான்.

மெதுவாக ஓரத்தில் போய்க்கொண்டிருந்தோம். ரெங்கசாமி மாமா பத்திரிகையில் கடைசி எண்ணை எழுதி அடிக்கோடிட்டார். கதை எடுத்துவிட்டார்.

"தம்பி, எங்களுக்கும் இதே கூத்துதான். போனதும் எடை பாப்பாங்க. கூடியிருக்கிற எடைக்குத் தண்ணிய எடுப்பாங்க. போன மாசம் இந்த ரோஸ்லான் என்ன பண்ணான் தெரியுமா? பாக்கெட்ல போன், சாவிக் கொத்து, ஒரு பிஸ்கட் டின், எல்லாத்தோடயும் எடை மேல ஏறிட்டான்!"

"பிஸ்கட் கெச்சில் சாஜா!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சின்ன பிஸ்கட்தானாம்.

"நர்ஸ் ஒரு கிலோ கூடுதல்னு நெனச்சி ஒரு லிட்டர் எடுத்துட்டா. மூணாவது மணி நேரம் கால் ரெண்டும் இழுத்துக்கிச்சு. அடோய், அடோய்னு அவன் போட்ட சத்தத்துல நாங்க அஞ்சு பேரும் டிவி பாக்க முடியல!"

வேனே குலுங்கச் சிரித்தார்கள். ரோஸ்லான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எடை தப்பு, அதனால் எடுத்த தண்ணீர் தப்பு. என் புறங்கை எண்ணெய்த் தட்டில் இருந்தது ஞாபகம் வந்தது. எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது ஞாபகம் வந்தது. உங்கள் அம்மாவோடு, மாமாவோடு, பக்கத்துக் கடைக்காரரோடு நான் பேசிய நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தேன். நாற்பதாவது, மண்ணாவது. எழுபது இருந்திருக்கும். விரிந்து நின்ற எண்ணெயைக் கூடுதல் என்று நினைத்து வடித்துவிட்டேன்.

ஆறு பேரையும் நிலையத்தில் இறக்கினோம். சிகிச்சைக்கு நான்கு மணி நேரம் ஆகும். "அக்கா, அது வரைக்கும் வேன எனக்குக் குடுங்க," என்றேன்.

பட்டறையில் வண்டி தூக்கும் மேடை மீது வேனை ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்தேன். இந்த முறை மெஷின் என் கையில். நூற்றாறு காட்டியது. நாற்பதுக்கு இறங்க வேண்டும். பட்டறையில் இருந்த இரண்டு பெரிய காற்றாடிகளையும் வேனுக்கு அடியில் திருப்பிவிட்டேன். ஹமீட்டும் மற்றவர்களும் வியர்வையோடு என்னை முறைத்தார்கள். கிள்ளான் வெயிலில் அதற்குமேல் என்ன செய்ய முடியும், காத்திருக்கத்தான் முடியும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்ணூறு. எண்பத்தெட்டு. தேர்தல் முடிவுக்குக்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

எழுபது வந்தபோது பாஸ் இன்னொரு நாற்காலியோடு வந்து பக்கத்தில் அமர்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவர் வழக்கம். கேள்வி கேட்டால் தப்பித்துவிடலாம். சும்மா உட்கார்ந்தால்?

அறுபத்துநான்கில் சொல்லிவிட்டேன். "பாஸ், அன்னைக்கு நாப்பதுன்னு எழுதினேன்ல. மெஷின் மாட்டல. கையால தொட்டுப் பாத்தேன்."

அவர் கைப்பேசியை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி, மூன்று வாரத்துக்கு முந்தைய பலகைப் படத்தைக் காட்டினார். என் கையெழுத்து. பார்த்தது: 40 டிகிரி.

"காலையிலயே பாத்துட்டேன்," என்றார். "அன்னைக்கு மெஷின் ஹமீட்கிட்ட இருந்திச்சே, நீ எந்த மெஷின்ல பாத்தேன்னு யோசிச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே பாஸ்."

"அது நான் நினைச்சது. பாக்கல." கொஞ்ச நேரம் எண்ணைப் பார்த்தார். "சரி, எண்ணெய் தப்புன்னா ஊத்திக்கலாம். அந்தம்மா மிதிக்குதுன்னு போன்ல சொன்னியே, அத எந்தக் கட்டத்துல எழுதுவ?"

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு.

இரண்டரை மணி நேரம் ஆனது. முப்பத்தெட்டில் இன்ஜினைப் போட்டு, கியரை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, திரும்ப பார்க்கிங்கில் வைத்தேன். நாற்பது. பாஸே எழுந்து நின்று மெஷினைப் பிடித்துக்கொண்டார். நான் திருகைக் கழற்றினேன்.

ஒரு சொட்டுகூட வரவில்லை.

அதே துளை வழியாகப் புது எண்ணெயைக் கைப்பம்பால் ஏற்றினேன். கால் லிட்டர், ஒன்றுமில்லை. அரை லிட்டர், ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஒரு லிட்டர் போன பிறகுதான் மெல்லிய நூலாக வழிந்தது. "நாப்பத்திரண்டு!" என்று பாஸ் கத்தினார். நூல் சொட்டானது. மூடினேன். வழிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தேன். நிறம் லேசாக மங்கியிருந்தது, கருகல் வாடை இல்லை, இரும்புத் தூளும் இல்லை. பாக்கியம் அக்காவின் மென்மையான கால்தான் அந்தக் கியர்பாக்ஸைக் காப்பாற்றியிருந்தது. வேறு யாராவது ஓட்டியிருந்தால் மூன்று வாரத்தில் அது இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

"மூணு வாரமா பொய் என் போன்ல இருந்திருக்கு," என்றார் பாஸ். "இந்தத் தடவ வொர்க்‌ஷாப்புக்கு மட்டும் பத்தாது. அந்த வேனுக்கும் சேத்து தே வாங்கு."

நிலையத்துக்குப் போய், முதலில் செயலாளரின் அறைக்குள் நுழைந்தேன். பாக்கியம் அக்காவையும் கூட வரச் சொன்னேன். அவர் இல்லாதபோது சொன்னதை அவர் இருக்கும்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"சார், அக்கா மிதிச்சு ஓட்டுறாங்கன்னு போன்ல சொன்னேன். அது தப்பு. அவங்க ஓட்டுறத நான் பாக்காமலே சொன்னேன். எண்ணெய் மாத்துறப்ப அளவு கொறையா விட்டது நான்தான். இப்ப சரி பண்ணிட்டேன். அடுத்த ரெண்டு மாசம் வாரா வாரம் நானே மெஷின் மாட்டிப் பாக்குறேன்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப திங்கக்கெழமை வரச் சொன்ன டிரைவர்கிட்ட நான் என்ன சொல்றது?"

"எனக்கும் கல்யாணம், காதுகுத்துன்னு லீவு வேணாமா சார்?" என்றார் பாக்கியம் அக்கா. "அன்னைக்கு வந்து ஓட்டட்டும். மிதிக்காம ஓட்டச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டத்தான் செய்தார், நன்றாகவே. அதற்குப் பிறகு சொன்னார்: "ஒரு வாரமா என் காலத்தான் அண்ணே திட்டிக்கிட்டிருந்தேன். செருப்போட மிதிச்சா பாரம் தெரிய மாட்டேங்குதோன்னு, வெறுங்காலோட ஓட்டினேன். அந்த மிதி எப்படிச் சுடும் தெரியுமா?"

நான் பழக்கம் என்று நினைத்தது அது.

திரும்பும் வழியில் ரெங்கசாமி மாமா அதே பத்திரிகையில் இரண்டாவது வரிசை போட்டார். சிகிச்சை முடிந்த களைப்பு எல்லோர் முகத்திலும் இருந்தது, ஆனால் மேம்பாலம் நெருங்கியதும் ஒருவரும் தூங்கவில்லை. அடியில் எண்பத்திரண்டு. பாதி ஏற்றத்தில் எண்பத்துநான்கு. இன்ஜின் கத்தவில்லை. உச்சியில் எண்பத்தாறு.

"எண்பத்தாறு, ரைட்டு!" என்று மாமா சத்தமாகச் சொல்லி, பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார்.

மேம்பாலம் இறங்கியதும் ஒரு கடை ஓரம் நிறுத்தி, என் அபராதத்தைக் கட்டினேன். ஆறு தே தாரிக் என்று நான் சொன்னதும் ஆறு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். அவர்களுக்குத் தண்ணீருக்கு அளவு உண்டே. கடைசியில் மூன்று தே வாங்கி, ஆறு கண்ணாடித் தம்ளர்களில் அரை அரையாக ஊற்றினோம். ரோஸ்லான் தன் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கி, மற்றவர்களுடையதோடு மட்டம் பார்த்தார். அவருடையதில் ஒரு விரல் குறைவாம். "மெக்கானிக் ஊற்றினால் அப்படித்தான்," என்று மலாயில் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டேன்.

எல்லோரும் குடித்து முடித்த பிறகு பாக்கியம் அக்கா ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். கீழே குனிந்து, பக்கத்தில் கிடந்த செருப்பை இழுத்து, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். பிறகு வண்டியை எடுத்தார்.

பட்டறைக்குத் திரும்பிப் பலகையில் எழுதினேன். சொன்னது: மேம்பாலத்தில் ஏறவில்லை. பார்த்தது: 40 டிகிரியில் எண்ணெய் வரவில்லை, ஒரு லிட்டர் குறை, சரி செய்த பின் மேம்பாலத்தில் 86. அதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: பாக்கியம் அக்கா செருப்புப் போட்டு ஓட்டினார்.

பாஸ் வந்து படித்தார். "செருப்பா? கியர்பாக்ஸுக்கும் செருப்புக்கும் என்ன லா?"

"தெரியல பாஸ். ஆனா பாத்தேன்."

அன்று சாயங்காலம் வழக்கம்போலப் படம் எடுத்தார், பலகையைத் துடைத்தார். அந்த ஒரு வரியை மட்டும் துடைக்கவில்லை. வெகுநாள் அது அங்கேயே இருந்தது.